எத்தனை மிதி மிதித்தாலும் கிளம்பாத எக்ஸ்எல்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் மல்லிகைப்பூ கொண்டுவருகிறவர்கள், தறிக்கூடத்துக்கு நூல்கட்டு ஏற்றிப் போகிறவர்கள், புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மூட்டை கட்டி வருகிறவர்கள் என்று பழைய டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்எல்லை இன்றும் விடாமல் ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு. அப்படிப்பட்டவரிடம் வண்டி ஒருநாள் கிளம்ப மறுத்தால் அன்றைய கூலி போயிற்று. பூ வாடும், தறி காத்திருக்கும். பதற்றத்தில் வேர்க்க வேர்க்க மிதிக்கிறோம். பிறகு ஒர்க் ஷாப்புக்கு உருட்டிப் போய் "என்னன்னு தெரியல, ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு" என்கிறோம். காரணம் தெரியாமலே புது பிளக், புது காயில், புது கார்ப்ரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில் வண்டியின் விலையில் கால்வாசி கரைந்துவிடும். பத்து நிமிடம் நிதானமாகப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்ள முடியும். அதற்கு வேண்டியது ஒரு பிளக் ஸ்பானரும் ஒரு பழைய துணியும்தான்.

ஓசூரிலிருந்து 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட். அதன் வழிவந்ததுதான் எக்ஸ்எல் சூப்பர்: 69.9 சிசி, சுமார் மூன்றரைக் குதிரைத்திறன். 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. 2017 ஏப்ரலில் பிஎஸ் 4 புகை விதி நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தபின் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஷோரூமிலிருந்து மறைந்தது, தெருவிலிருந்து மறையவில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கிலும், வெளிநாட்டுப் பண்ணைகளிலும் மணல்மேடுகளிலும் ஓடிய யமஹா பிளாஸ்டர் நான்கு சக்கர வண்டியிலும், நம் வயலில் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பல பவர் ஸ்பிரேயர்களிலும் இருப்பது இதே வகை எஞ்சின்தான். ஒன்றில் பழகிய கை மற்றதிலும் தடுமாறாது.

இந்த எஞ்சினின் உள்வேலை ஒன்றை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ளதுபோல மேலே திறந்து மூடும் வால்வுகள் இதில் இல்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியில் இருக்கும் கிராங்க் அறை, கார்ப்ரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டர் சுவரில் உள்ள வழியாக மேலே பாய்கிறது. கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிப்பு. கீழ் அறையில் தனியாக ஆயில் நிற்க இடமில்லாததால்தான் பெட்ரோலிலேயே டூ-டி ஆயிலைக் கலக்கிறோம். இந்த எஞ்சினுக்கே உரிய கோளாறுகள் பலவும் இந்த அமைப்பிலிருந்து பிறக்கின்றன.

ஸ்பானரை எடுக்கும் முன் சாவி ஆனில் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டேப்பை ரிசர்வுக்குத் திருப்பிப் பாருங்கள். டேங்க் மூடியில் காற்று புகும் சிறு துளை மண்ணடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு மிதித்தால் அது தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் போட வேண்டும், ஓடிச் சூடாக இருக்கும் எஞ்சினுக்குப் போடக்கூடாது. இவ்வளவும் சரியாக இருந்து, பத்துப் பன்னிரண்டு மிதிக்குப் பிறகும் கிளம்பவில்லை என்றால் மிதிப்பதை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக்கின் நுனி ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. மற்ற எல்லாப் பரிசோதனையும் இதற்குப் பிறகுதான்.

காய்ந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் போகவில்லை. டேப்பிலிருந்து கார்ப்ரேட்டருக்குப் போகும் டியூப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தாராளமாக ஒழுகினால் டேங்கும் டேப்பும் நல்ல நிலையில் இருக்கின்றன, அடைப்பு கார்ப்ரேட்டரில். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பில் உள்ள சல்லடையில் துரு அல்லது கசடு. கார்ப்ரேட்டர் அடைப்பதில் டூ ஸ்ட்ரோக் வண்டிக்குத் தனிச் சாபம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் போகும், அதில் கலந்திருந்த ஆயில் போகாது. அது பிசினாகிச் சின்ன ஜெட்டின் துளையை மூடிவிடும். அந்தத் துளையைக் கம்பியால் குத்த வேண்டாம். துளை கொஞ்சம் பெரிதானாலும் அதன்பின் வண்டி எப்போதும் பெட்ரோல் குடிக்கும். கார்ப்ரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுவதே சரி. தறிக்கூடத்தை ஒட்டி நிறுத்துகிறவர்கள் ஏர் ஃபில்டரையும் அடிக்கடி பார்க்க வேண்டும். பஞ்சுத்தூசியும் கரிசல் புழுதியும் ஆயில் பிசுக்கோடு சேர்ந்தால் பாய் மாதிரி படிந்துவிடும். ஆனால் ஃபில்டர் அடைத்தால் காற்றுதான் குறையும், பெட்ரோல் குறையாது, பிளக் நனையும். இதை எதிர்ப்பக்கமாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. முதல் சந்தேகம் அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்பது. கார்ப்ரேட்டரில் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல் ஓவர்ஃப்ளோ ஆகும், அல்லது சோக்கோடு மிதித்துக்கொண்டே இருந்ததால் நிரம்பியிருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் இந்த அதிகப் பெட்ரோல் கீழே கிராங்க் அறையில் போய்த் தேங்குவதால், பிளக்கைத் துடைத்து மாட்டியதும் மறுபடி நனைந்துவிடும். பெட்ரோல் டேப்பை மூடி, பிளக் கழற்றிய நிலையிலேயே ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு பதினைந்து இருபது மிதி மிதியுங்கள். தேங்கியது பிளக் துளை வழியே வெளியே வந்துவிடும். அப்போது சாவி ஆஃபில் இருக்கட்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பிளக்கை நன்றாகக் காயவைத்து மாட்டி, சோக் இல்லாமல் மிதித்தால் பல வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும்.

அப்படியும் இல்லையென்றால் கரண்ட் பார்க்க வேண்டும். பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடம்பு எஞ்சின் ஹெட்டின் மேல் அழுத்தமாகப் படும்படி வைத்து, சாவியை ஆன் செய்து மிதியுங்கள். பிளக் துளையிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். அந்தத் துளையிலிருந்து வருவது பெட்ரோல் ஆவி. வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது, நிழலுக்கு வண்டியை நகர்த்துங்கள். நீல நிறத்தில் 'டக் டக்' என்று தெறித்தால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, நூல்போல வந்தால் அது போதாது. வெளியே எளிதில் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்டாது. பொறியே இல்லையென்றால் முதலில் வேறொரு நல்ல பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் கேப்பைக் கழற்றி ஒயரின் நுனியை அரை அங்குலம் வெட்டி மறுபடி திருகுங்கள். அடுத்தது பலர் மறந்துவிடுகிற இடம், சாவி. இந்த வண்டிகளில் சாவியை ஆஃப் செய்தால், கரண்ட் எஞ்சின் உடம்புக்கு இறங்கித்தான் வண்டி நிற்கிறது. ஐப்பசி மழையில் சுவிட்சுக்குள் ஈரம் புகுந்தாலோ, ஒயர் உரசித் தோல் போனாலோ, சாவி ஆனில் இருந்தும் ஆஃப் ஆனதுபோலவே இருக்கும். பொறிக்கான கரண்டைத் தரும் சிடிஐ பெட்டியிலிருந்து சாவிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். இதைப் பார்க்காமல் காயிலும் சிடிஐயும் வாங்கியவர்கள் வீண்செலவு செய்தவர்கள். மிகப் பழைய டிவிஎஸ் 50 ஆக இருந்தால் சிடிஐக்குப் பதில் பாயிண்ட் இருக்கும். அதில் கரி படிந்தாலும் இடைவெளி மாறினாலும் பொறி செத்துவிடும்.

பெட்ரோல் வருகிறது, கரண்டும் இருக்கிறது, ஆனாலும் கிளம்பவில்லை. இங்கேதான் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். இன்னும் பார்ப்பதற்கு இருக்கிறது. பிளக் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி மிதியுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேற வேண்டும். மெதுவாகச் சீறினால் கம்ப்ரஷன் போய்விட்டது. துளைக்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது விரலைத் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

கம்ப்ரஷனும் நன்றாக இருந்தால் சைலன்சர். எரிந்த ஆயில் கரியாகி, புகை போகும் வழியில் படிந்து துளையை மூடிவிடும். புகை வெளியேற வழியில்லாத எஞ்சினுக்குள் புதுக் கலவை நுழையாது. சைலன்சரைச் சிலிண்டரோடு சேர்க்கும் நட்டைத் தளர்த்திவிட்டு மிதியுங்கள். காதைப் பிளக்கும் சத்தத்தோடு கிளம்பினால் காரணம் கிடைத்துவிட்டது. "ஆயில் கூட ஊத்துனா எஞ்சினுக்கு நல்லது" என்று நினைப்பவர்களின் வண்டியில்தான் இது சீக்கிரம் வருகிறது. எக்ஸ்எல் சூப்பருக்கு லிட்டருக்கு 20 மில்லி என்பது வழக்கமான அளவு. கூட ஊற்றினால் கரி, குறைத்தால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே செலவு.

கண்டுபிடிக்கக் கடினமானது கிராங்க் சீல். கீழ் அறை காற்றுப் புகாமல் இருந்தால்தான் உறிஞ்சவும் தள்ளவும் முடியும் என்று பார்த்தோம். மேக்னெட் பக்கத்து ரப்பர் சீல் காய்ந்து விரிந்தால் அங்கிருந்து வெறும் காற்று உள்ளே போகும். வண்டி சோக் போட்டால் மட்டும் கிளம்பும், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே இரைந்து ஏறும், உடனே அணையும். கார்ப்ரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் மாறாது. இந்த நிலையில் ஓட்டவே கூடாது. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையில் எஞ்சின் கொதித்து பிஸ்டன் பிடித்துவிடும். இன்னொன்று, மேக்னெட்டைக் கிராங்கில் பூட்டும் சின்னக் கீ. அது வெட்டுப்பட்டால் பொறி வரும், வரவேண்டிய நேரத்தில் வராது. கால் பின்னுக்கு எகிறும், கார்ப்ரேட்டர் வழியே 'பட்'டென்று வெடிக்கும். இந்த இரண்டுக்கும் மேக்னெட் புல்லர் வேண்டும், மெக்கானிக்கிடம் விடுவதுதான் நல்லது. போகும்போது "அண்ணாச்சி, பிளக் நனையுது, கரண்ட் நீலமா வருது, கம்ப்ரஷன் இருக்கு, சைலன்சரைக் கழட்டியும் பாத்துட்டேன்" என்று சொல்லுங்கள். அவர் நேராக மேக்னெட்டைத் திறப்பார்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025இல் நாட்டின் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டேப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடுவதால், கீழே உள்ள திரவம் சரியாக எரியவும் எரியாது, அதில் வழுக்குவதற்கும் ஒன்றுமில்லை. பாட்டிலில் பிடித்த பெட்ரோல் இரண்டு அடுக்காக நின்றால் டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள், சேமிக்கப் பார்க்க வேண்டாம். பழைய ரப்பர் டியூப்பும் ஃப்ளோட் ஊசியின் ரப்பர் நுனியும் எத்தனாலில் ஊறி விறைக்கும், அல்லது இளகும். வருடத்துக்கு ஒருமுறை அவற்றை மாற்றுவது பெரிய செலவில்லை.

வண்டியையோ ஸ்பிரேயரையோ ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்ப்ரேட்டர் காலியாகிவிடும், ஜெட்டை அடைக்க அங்கே ஆயில் மிச்சமிருக்காது. டேங்கில் இருப்பதை வடித்துவிட்டு, மறுபடி எடுக்கும் நாளில் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள்.