பெக்கமில் ஒரு காஷ்மீர்

ரகீப் ஷாவின் ஓவியங்களைப் பார்ப்பவர்கள் முதலில் வியப்பது அவற்றின் நுணுக்கத்தைக் கண்டுதான். பொருளாதாரம் கற்பித்துப் பழகிய எனக்கு உடனே எழும் கேள்வி வேறு: இத்தனை உழைப்பு எதற்காக?

1974-இல் கொல்கத்தாவில் பிறந்து ஸ்ரீநகரில் வளர்ந்தவர் ஷா. சால்வை, கம்பள வணிகக் குடும்பம். காஷ்மீரில் வன்முறை மூண்டபின் அக்குடும்பம் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. 1998-இல் லண்டனுக்குச் சென்று ஓவியம் பயின்ற அவர், தென் லண்டனின் பெக்கம் பகுதியில் கலைக்கூடம் அமைத்துக்கொண்டார்.

அவர் தூரிகையை நம்பி வரைபவர் அல்லர். முதலில் கோட்டுச் சித்திரம். அதன்மீது மெல்லிய குழாய் முனையால் பொன்னிற விளிம்பு கட்டுகிறார். விளிம்புகளுக்குள் எனாமல் வண்ணத்தை விட்டு, முள்ளம்பன்றி முள்ளால் நகர்த்திப் பரப்புகிறார். வரப்பு கட்டி நீர் பாய்ச்சுவது போன்ற வேலை. பாத்திதான் நெல்மணி அளவு.

இவ்வளவு பாடுபட்டு அவர் வரைவது பெரும்பாலும் தம்மையே. வின்சென்சோ கட்டேனா 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய, படிப்பறையில் அமர்ந்திருக்கும் புனித ஜெரோமின் ஓவியம் லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அமைதியான அறை, நூலில் ஆழ்ந்த ஞானி, தரையில் சிங்கம். ஷா அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு, ஞானியின் இருக்கையில் தம்மை அமர்த்திவிடுகிறார். தலைப்பிலேயே பெக்கமும் உண்டு, காஷ்மீரும் உண்டு.

தற்பெருமை என்று இதை ஒதுக்குவோர் இருக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிறர் வரைந்த அறைக்குள் குடியேறியவராகவே இப்படங்களில் அவர் தென்படுகிறார். கனவு என்றால் மங்கலாக இருக்கும் என்பது நம் வழக்கமான எண்ணம். இவருடைய கனவிலோ ஒவ்வோர் இலைக்கும் விளிம்பு உண்டு. விட்டுவந்த ஊரை நினைவிலிருந்து மீட்பவர், ஓர் இலையைத் தவறவிடவும் அஞ்சுவார் அல்லவா?

சந்தை இதையெல்லாம் கணக்கில் கொள்வதில்லை. 2007-இல் இவருடைய ஓர் ஓவியம் லண்டன் ஏலத்தில் 27 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அன்று பலரும் பேசியது அத்தொகையைத்தான். அவர் பிறந்த வணிகக் குடும்பம் விற்ற சால்வைகளின் உலகிலும் நுணுக்கமே முதல். கானி சால்வை ஒன்றை நெய்து முடிக்கப் பல மாதங்கள், சிலவற்றுக்கு ஆண்டுகளும் ஆகும். அதை நெய்தவரின் பெயரைக் கடைகளில் பெரும்பாலும் சொல்லி விற்பதில்லை.