புத்தகத்தை 'செக்கிங்' பண்ணலாம், வாங்க!

குட்டீஸ், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது பனியன் கம்பெனிக்கு 'செக்கிங்' வேலைக்குப் போகிறார்களா? பல்லடம், திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டால் நிறையப் பேர் கையைத் தூக்குவீர்கள்.

செக்கிங் அக்கா என்ன செய்வார்? தைத்து வந்த பனியனைக் கையில் எடுப்பார். முன்னால், பின்னால், உள்பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். துணியில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, தோள் பக்கம் தையல் விட்டிருக்கிறதா என்று தேடுவார். குறை இருந்தால், சரியாக அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைப்பார். "இது நல்லா இல்லை" என்று மட்டும் சொல்லி அந்தப் பனியனைத் தூக்கிப் போட்டால் யாருக்கும் புரியாது. எந்த இடத்தில், என்ன குறை என்று காட்டினால்தான் தைத்தவரால் சரி செய்ய முடியும், இல்லையா?

புத்தகம் படிக்கிற நீங்களும் செக்கிங் பண்ணுகிறவர்தான்! ஆனால் நாம் என்ன செய்கிறோம்?

"தம்பி, அந்தப் புத்தகம் எப்படி இருந்துச்சு?"

"சூப்பரா இருந்துச்சுண்ணா."

"என்ன சூப்பர்?"

"எல்லாமே சூப்பர்ண்ணா!"

அவ்வளவுதான்! இதைக் கேட்கிறவருக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை. 'சூப்பர்', 'மொக்கை' என்ற இரண்டு வார்த்தைகளைத் தாண்டி ஒரு கருத்தை எப்படிச் சொல்வது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு ஷில்லிங் சம்பளம்

'சின்னப் பிள்ளைகள் சொல்வதை யார் கேட்கப் போகிறார்கள்?' என்று நினைக்கிறீர்களா? லண்டனில் 1936ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

ஸ்டான்லி அன்வின் என்பவர் ஒரு பதிப்பகம் நடத்தி வந்தார். அவரிடம் ஒரு கதை வந்தது. எழுதியவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டோல்கீன். கதையின் பெயர் 'தி ஹாபிட்'. குள்ளர்கள், மந்திரவாதி, புதையலைக் காக்கும் டிராகன் எல்லாம் வரும் கதை அது. இதைப் புத்தகமாகப் போடலாமா, வேண்டாமா? 'குழந்தைகள் புத்தகத்தைப் பற்றிக் குழந்தையிடம்தான் கேட்க வேண்டும்' என்பது ஸ்டான்லியின் எண்ணம். தன் மகன் ரேனரிடம் கொடுத்தார். அவனுக்கு அப்போது வயது 10.

ரேனர் முழுவதும் படித்துவிட்டு ஒரு சின்னத் தாளில் கருத்து எழுதிக் கொடுத்தான். கதை என்ன என்று சுருக்கமாகச் சொன்னான். வரைபடங்கள் இருந்தால் வேறு படங்கள் தேவையில்லை என்றான். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றும் எழுதினான். அதில் எழுத்துப் பிழைகூட இருந்தது! அதற்கு அவனுக்குக் கிடைத்த கூலி, ஒரு ஷில்லிங் நாணயம்.

1937இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. உலகம் முழுவதும் பல மொழிகளில் படித்தார்கள். ரேனர் பெரியவனாகி அதே பதிப்பகத்தில் சேர்ந்தார். டோல்கீன் எழுதிய அடுத்த பெரிய கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவரவும் அவரே முயற்சி எடுத்தார்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? 5 முதல் 9 வயது என்று ரேனர் போட்ட கணக்கு தப்பாகிப் போனது. தாத்தா, பாட்டிகள்கூட அந்தக் கதையை ரசித்தார்கள். அதனால் என்ன? கருத்து என்பது கணக்குப் பரீட்சை விடை அல்ல. முழுவதும் படித்து, மனதில் பட்டதைக் காரணத்தோடு சொன்னான் அல்லவா? அதுதான் முக்கியம்.

வாசகர் கேட்டார், கல்கி பதில் சொன்னார்

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 'பொன்னியின் செல்வன்' பெயரைக் கேட்டிருப்பீர்கள். கல்கி அதை 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடர்கதையாக எழுதினார். வாரா வாரம் இதழ் எப்போது வரும் என்று வீடுகளில் காத்திருந்து படித்தார்கள். கடைசியில் கதை முடிந்ததும் வாசகர்கள் பலருக்குத் திருப்தி இல்லை. 'இவர் பிறகு என்ன ஆனார்? அவருக்கு என்ன நடந்தது?' என்று கேள்விகள் கேட்டார்கள். கல்கி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு முடிவுரை எழுதி அதில் பதில் சொன்னார். இன்றைக்கும் 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அதைப் படிக்கலாம்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. துப்பறியும் நிபுணர் ஷெர்லாக் ஹோம்ஸ் இறந்துவிட்டதாக 1893இல் எழுதினார் ஆர்தர் கோனன் டாயில். வாசகர்களிடமிருந்து கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1903இல் ஹோம்ஸை அவர் மறுபடியும் உயிரோடு கொண்டுவந்தார்! எழுதுகிறவரின் பேனாவை நிறுத்தவும் திருப்பவும் வாசகரால் முடியும், தெரிந்துகொள்ளுங்கள்.

ஐந்து புத்தகங்கள், ஐந்து கருத்துகள்

இனி, விதவிதமான ஐந்து புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் ஆளுக்கு ஒன்றைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்வதாகக் கற்பனை செய்வோம். நீங்கள் படித்தால் வேறு மாதிரி சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள்!

1. டோட்டோ-சான்: ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தன் சிறு வயதைப் பற்றி எழுதிய புத்தகம். 1981இல் ஜப்பானிய மொழியில் வந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டது. வகுப்பில் சும்மா இருக்க மாட்டாள் என்று முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் ஒரு பள்ளியில் சேர்கிறாள்.

நான்காம் வகுப்புப் பாப்பாவின் கருத்து: "ரயில் வகுப்பு எல்லாருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடித்தது ஹெட்மாஸ்டர். முதல் நாள் டோட்டோ-சான் பேசியதை அவர் நாலு மணி நேரம் கேட்டார். எங்கள் வீட்டில் தறிச் சத்தத்தில் நான் பேசுவதே யாருக்கும் கேட்காது! அந்தப் பள்ளி குண்டு விழுந்து எரிந்துபோன இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் முடித்தேன்."

பார்த்தீர்களா? எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் படிக்க முடியவில்லை என்று சரியாகச் சொல்லிவிட்டாள்.

2. இரும்புக்கை மாயாவி: 1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு. சிவகாசியிலிருந்து வந்தது. மாயாவியின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் தெரியும்.

ஆறாம் வகுப்புத் தம்பியின் கருத்து: "படங்கள் வேகமாக ஓடுகின்றன. சண்டைக் காட்சியை மூன்று முறை பார்த்தேன். ஆனால் கரண்ட் விஷயத்தை நம்ப முடியவில்லை. ஷாக் அடித்தால் என்ன ஆகும் என்று லூமில் வேலை செய்யும் எங்கள் அப்பாவைக் கேட்டால் தெரியும்."

சபாஷ்! பிடித்த புத்தகத்திலும் இடிக்கிற இடத்தைச் சொல்லலாம். காமிக்ஸும் புத்தகம்தான். அதற்கும் கருத்து எழுதலாம்.

3. குட்டி இளவரசன்: பிரெஞ்சு விமானி சேந்த் எக்சுபெரி எழுதியது. 1943இல் வெளிவந்தது. வேறொரு குட்டிக் கிரகத்திலிருந்து வந்த சிறுவன், பாலைவனத்தில் ஒரு விமானியைச் சந்திக்கும் கதை.

எட்டாம் வகுப்பு அக்காவின் கருத்து: "நான்காம் வகுப்பில் படித்தபோது ஒன்றும் புரியவில்லை, பாதியில் வைத்துவிட்டேன். யானையை விழுங்கிய பாம்பின் படம் மட்டும் நினைவில் இருந்தது. இந்த வருடம் படித்தேன். ரோஜாவை விட்டு வந்ததற்காக அவன் வருத்தப்படுவது இப்போது புரிகிறது."

ஒரே ஆள், ஒரே புத்தகம், இரண்டு கருத்துகள். இரண்டுமே சரிதான். இன்று பிடிக்காத புத்தகத்தை இரண்டு வருடம் கழித்து மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

4. ஆதனின் பொம்மை: உதயசங்கர் எழுதிய நாவல். 2023ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் மண்ணுக்கு அடியில் கிடைத்த பழைய நகரத்தைப் பற்றிய கதை. அங்கே அகழாய்வில் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன!

ஏழாம் வகுப்பு அண்ணனின் கருத்து: "நூல் நூற்பது நம் ஊர் வேலை. அதை அந்தக் காலத்திலேயே செய்தார்கள் என்பது பெருமையாக இருந்தது. எனக்கு ஒரு குறை. நம் நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் மண்பானை ஓடுகளில் எழுத்து, மணிகள் எல்லாம் கிடைத்தன. அதை வைத்து யாராவது கதை எழுத வேண்டும்."

இந்தக் கருத்து புத்தகத்தோடு நிற்கவில்லை. அடுத்து எந்தப் புத்தகம் வர வேண்டும் என்றும் கேட்கிறது. ஒருவேளை அதை எழுதப் போவது நீங்களாகவும் இருக்கலாம்!

5. மரப்பாச்சி சொன்ன ரகசியம்: யெஸ். பாலபாரதி எழுதியது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்ற புத்தகம். பேசும் மரப்பாச்சிப் பொம்மை ஒன்று, பிள்ளைகள் தங்கள் உடலை எப்படிப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தருகிறது.

ஆறாம் வகுப்புப் பாப்பாவின் கருத்து: "சில பக்கங்களைப் படிக்கும்போது பயமாக இருந்தது. ஆனால் இதைப் பற்றி அம்மாவிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்து, 'இதைப் படிங்கம்மா' என்றேன். பிறகு பேசுவது சுலபமாகிவிட்டது."

'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லலாமா?

கட்டாயம் சொல்லலாம்! நம்மில் பலர் பயப்படுகிறோம். டீச்சர் கொடுத்த புத்தகம், விருது வாங்கிய புத்தகம், மாமா ஆசையாக வாங்கித் தந்த புத்தகம்... அதைப் போய்ப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எல்லாரும் நல்லா இருக்கிறது என்கிறார்களே, நாமும் தலையை ஆட்டிவிடுவோம் என்று நினைக்கிறோம்.

அப்படித் தலையாட்டிப் பழகாதீர்கள், கண்ணுகளா. புத்தகம் உங்களைத் திட்டாது, அடிக்காது, கோபித்துக்கொள்ளாது. 'எனக்கு இது பிடிக்கவில்லை, காரணம் இதுதான்' என்று சொல்லிப் பழக, அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை. அங்கே பழகிய வாய், வேண்டிய நேரத்தில் மனிதர்களிடமும் பேசும். யாராவது உங்களிடம் தப்பாக நடந்தாலோ, தொட்டாலோ, 'வேண்டாம், எனக்குப் பிடிக்கவில்லை' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அங்கிருந்து ஓடி வர வேண்டும். நம்பிக்கையான பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம்.

ஆனால் ஒன்று. பிடிக்கவில்லை என்று சொல்லும் முன் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். அட்டையைப் பார்த்து, பனியனைப் பிரிக்காமலேயே 'ரிஜெக்ட்' செய்தால் அது செக்கிங் இல்லை!

காசு இல்லாமல் படிக்கலாம்

'இதையெல்லாம் வாங்கக் காசுக்கு எங்கே போவது?' என்கிறீர்களா? அதற்குத்தான் பொது நூலகம் இருக்கிறது. அப்பா, அம்மாவோடு போய் உறுப்பினராகச் சேருங்கள். கேட்ட புத்தகம் இல்லை என்றால், 'இது வேண்டும்' என்று நூலகரிடம் சொல்லுங்கள். சீர்காழியில் பிறந்து, இந்திய நூலகவியலின் தந்தை என்று புகழப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளைச் சொன்னார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நீங்களும் ஒரு வாசகர்தானே? கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

திருப்பூரில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போய்ப் பாருங்கள். வாங்க முடியாவிட்டாலும் பெயர்களைக் குறித்து வாருங்கள். பிறகு நூலகத்தில் தேடலாம். பள்ளி நூலகப் புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள்.

கருத்து எழுத ஐந்து கேள்விகள்

* புத்தகத்தின் பெயர் என்ன, எழுதியவர் யார்?
* கதை எதைப் பற்றியது? (இரண்டு வரி போதும். முடிவைச் சொல்லி மற்றவர்களின் ஆர்வத்தைக் கெடுத்துவிடாதீர்கள்!)
* எந்த இடம் மனதில் நின்றது? ஏன்?
* எந்த இடம் பிடிக்கவில்லை, அல்லது புரியவில்லை?
* இதை யாரிடம் படிக்கக் கொடுப்பீர்கள்?

இந்த ஐந்துக்கும் பதில் எழுதினால் போதும், அருமையான கருத்து தயார். எழுத்துப் பிழை வந்தால் கவலை வேண்டாம், ரேனருக்கும் வந்தது! வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படியுங்கள். தனித்தனியாக எழுதிய பிறகு ஒருவர் தாளை ஒருவர் வாங்கிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி இருந்தால் யாரோ யாரையோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்!

சரி குட்டீஸ், இந்த வாரம் நீங்கள் எந்தப் புத்தகத்தைச் செக்கிங் பண்ணப் போகிறீர்கள்? ஒரு அஞ்சலட்டையில் எழுதி நமக்கும் அனுப்புங்கள். 'சூப்பர்' என்று மட்டும் எழுதினால் செல்லாது, சொல்லிவிட்டேன்!