பல் காறைக்குள் ஒரு நீலம்

பல் மருத்துவர் சுரண்டி எறியும் காறை, தொல்லியலாளர்களுக்குப் புதையல். பல்லில் படியும் பிசுக்கு உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகுகிறது. அப்போது வாயிலிருந்த மாவுத்துகள், மகரந்தம், புகைக்கரி, நுண்ணுயிர்கள் எல்லாம் அதற்குள் சிக்கிக்கொள்கின்றன. உயிரோடு இருக்கும்வரை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்; காறையில் படிந்தது படிந்தபடி கிடக்கும்.

ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் பெண் துறவியர் மடம் ஒன்று இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் அது தீக்கிரையானது. மடத்து ஏடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதன் இடுகாட்டில் கிடைத்த ஓர் எலும்புக்கூடு, சுமார் கி.பி. 1000-க்கும் 1200-க்கும் இடையில், 45 முதல் 60 வயதுக்குள் இறந்த பெண்ணுடையது. கடும் உடலுழைப்பின் அடையாளம் எலும்புகளில் இல்லை. பெயரும் தெரியாது.

அவர் என்ன சாப்பிட்டார் என்று அறியத்தான் காறையைச் சிறிது எடுத்து மென்மையான அமிலத்தில் கரைத்தார்கள். நுண்ணோக்கியில் தெரிந்ததோ பளிச்சென்ற நீலம்! நூற்றுக்கும் மேற்பட்ட துகள்கள். லேசர் ஒளி பட்டுச் சிதறும் விதத்தை அளந்தபோது அது லாபிஸ் லசூலி என்று உறுதியானது. ஆப்கானிஸ்தானின் படாக்‌ஷான் மலையில் வெட்டியெடுத்து, வணிகர் பலர் கைமாறி ஐரோப்பா சேர்ந்த கல் அது. அரைத்தெடுத்த நீலத்துக்குத் தங்கத்துக்கு நிகரான மதிப்பு. விலையுயர்ந்த சமயச் சுவடிகளில் ஓவியம் தீட்டும் தேர்ந்த கலைஞர்களிடமே அதை ஒப்படைப்பார்கள்.

அது வாய்க்குள் எப்படிப் போனது? கல்லை அரைக்கும்போது தூசி பறந்திருக்கலாம், மருந்தாக உட்கொண்டிருக்கலாம் என்றெல்லாம் யோசித்தார்கள். கடைசியில், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கி வரைந்திருக்கிறார் என்பதே மிகப் பொருத்தமாகப் பட்டது. 2019-இல் ஆய்வு வெளியானது.

அக்காலச் சுவடிகளில் பெரும்பாலும் கையெழுத்து இருக்காது. இருந்தாலும் பெண்ணின் பெயர் மிக அரிது. அதனால் எழுதியதும் வரைந்ததும் ஆண் துறவிகளே என்று நெடுங்காலம் நம்பிவந்தார்கள். அந்த நம்பிக்கையை ஒரு பெண்ணின் பல் அசைத்திருக்கிறது. தொல்லியலில் பொன்னும் வாளும் கிடைத்த செய்திகளைவிட இதுதான் எனக்குப் பெரிது.

முன்பெல்லாம் அகழாய்வில் கிடைத்த பற்களைத் தேய்த்துச் சுத்தம் செய்துதான் அலமாரியில் வைத்தார்கள். எத்தனை பேரின் கதை அப்படிக் கழுவப்பட்டதோ! நம் ஊரிலும் கிணறு வெட்டும்போது, வயலை உழும்போது முதுமக்கள் தாழிகள் தட்டுப்படுகின்றன. உள்ளே எலும்போ பல்லோ இருந்தால் தயவுசெய்து கைவைக்காதீர்கள், கழுவாதீர்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.