விற்கப்போகும் வீட்டில் முதலில் ஒரு பக்கெட் தண்ணீர்

பல மாதங்கள் பூட்டிக் கிடந்த ஃப்ளாட்டின் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை அடிக்கும். சாக்கடைக் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. பாத்ரூம் தரையில் உள்ள ஜாலியைத் தூக்கிப் பாருங்கள். அதற்கடியில் பிளம்பர்கள் ‘நானி ட்ராப்’ என்று சொல்லும் கிண்ணம் காய்ந்து கிடக்கும். அதில் எந்நேரமும் ஏறக்குறைய இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். கழிவுக்குழாயில் இருக்கும் வாயு வீட்டுக்குள் ஏறாமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். வாஷ்பேசினுக்குக் கீழே குழாய் வளைந்து போவதும், வெஸ்டர்ன் டாய்லெட்டின் அடியில் வளைவு இருப்பதும் இதற்காகவே. 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் இப்படி வளைந்த குழாயோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். வடிவங்கள் மாறினாலும் தத்துவம் இன்றுவரை அதேதான்.

ஆள் குடியிருக்கும் வீட்டில் தினமும் புதுத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். பூட்டிய வீட்டில் அது மெல்ல ஆவியாகிறது. சென்னை வெயிலில் சில வாரங்களே போதும். பிறகு ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே ஏறுகிறது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு அது. நூறு கோடியில் ஒரு சில பங்கு காற்றில் கலந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அதே வழியில் கரப்பான்பூச்சிகளும் வருகின்றன. மருந்து எளிது. ஒவ்வொரு பாத்ரூமிலும், சமையலறைத் தொட்டியிலும், துணி துவைக்கும் இடத்திலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். மறுபடி பூட்டப்போகிறீர்கள் என்றால், நிற்கும் தண்ணீரின் மேல் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

இவ்வளவு சின்ன விஷயம் விலையில் பெரிதாக எதிரொலிக்கிறது. வீடு பார்க்க வந்தவர் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார். படியிறங்கும்போது புரோக்கரிடம், “டிரெய்னேஜ் பிரச்சினை இருக்கும்போல” என்பார். அந்தச் சந்தேகத்துக்கு அவர் மனசுக்குள் ஒரு தொகை போட்டு, கேட்கும் விலையில் கழித்துக்கொள்வார். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டு இதைத்தான் விளக்கினார். பொருளின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் மோசமானதை எதிர்பார்த்தே விலை சொல்கிறார். நல்ல காருக்கும் சுமாரான காரின் விலைதான் கிடைக்கிறது. இந்த ஆய்வு 2001இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. ரீசேல் ஃப்ளாட்டும் அப்படிப்பட்ட பொருள்தான். வாங்குபவர் அரை மணி நேரம் பார்க்கிறார். நீங்கள் இருபது வருடம் வாழ்ந்திருக்கிறீர்கள். வீட்டைத் தயார் செய்வது என்று நான் சொல்வது, அந்த அரை மணி நேரத்தில் அவருக்கு எழக்கூடிய சந்தேகங்களை முன்கூட்டியே ஒவ்வொன்றாகத் தீர்த்துவைக்கும் வேலையை.

இதைத் தனித் தொழிலாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். சியாட்டில் பக்கத்தில் வீடு விற்பனை முகவராக இருந்த பார்ப் ஷ்வார்ஸ், 1972இல் விற்பனைக்கு வரும் வீடுகளை நாடக மேடைபோல ஒழுங்குபடுத்திக் காட்டத் தொடங்கினார். அங்கே இன்று சோபா, கட்டில், விளக்கு, சுவர்ப்படம் எல்லாவற்றையும் வாடகைக்குக் கொண்டுவந்து அலங்கரித்துத் தர நிறுவனங்கள் உள்ளன. சென்னையின் முப்பது வருடத்து ஃப்ளாட்டுக்கு வாடகை சோபா அவ்வளவு உதவாது என்பது என் எண்ணம். இங்கே வாங்க வருகிறவர்கள் சோபாவைப் பார்ப்பதில்லை. சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், குழாயைத் திறந்து பார்க்கிறார்கள், சீலிங்கை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

அண்ணாந்து பார்ப்பது நியாயம்தான். பழைய ஃப்ளாட்டின் முதல் எதிரி ஓதம். மேல்வீட்டு பாத்ரூமின் கீழே வரும் சீலிங், மழைச்சாரல் நேரடியாக அடிக்கும் வெளிச்சுவர், தரைத்தளத்தில் தரையை ஒட்டிய ஒரு முழ உயரம் ஆகிய மூன்று இடங்களில்தான் அது பெரும்பாலும் தலைகாட்டும். செங்கல்லிலும் சிமெண்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே ஏறும் தண்ணீர், கல்லிலும் மணலிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தங்கும் உப்பு படிகமாக வளர்கிறது. நுண்துளைக்குள் வளரும் படிகத்துக்குப் பூச்சையே உடைத்துத் தள்ளும் வலு உண்டு. பெயிண்ட் முதலில் கொப்புளிக்கும், பிறகு செதில் செதிலாக உரியும், கடைசியில் பூச்சு மாவாக உதிரும். சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா, பூஞ்சணமா என்று தெரிய வேண்டுமானால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உப்பு என்றால் பெரும்பாலும் கரைந்து மறையும். பூஞ்சணம் கரையாமல் ஈஷிக்கொண்டு நிற்கும்.

இந்தச் சுவரின் மேல் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எமல்ஷன் அடித்துவிட்டால் ஒரு மாதத்துக்குப் பளிச்சென்று இருக்கும். பலர் அதைத்தான் செய்கிறார்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் சுவரின் மேல் ஒரு தோல்போலப் படிவதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் போகிறது. சில வாரங்களில் அதே இடத்தில் கொப்புளம் எழும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. நாலு வீடு பார்த்துப் பழகியவர் இதை உடனே கண்டுகொள்வார். வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் அவர் கை நேராக அங்கேதான் போகும். பூஞ்சண வாடையும் பெயிண்டுக்கு அடங்காது. ஈரச் சுவரில் வளரும் நுண்ணுயிர்கள் விடும் ஜியோஸ்மின் என்ற மண்வாசனைப் பொருளை, லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு உணரும். அதே வீட்டில் தினமும் இருப்பவருக்கு மூக்கு பழகிப்போய்த் தெரியாது. அதனால் உறவுக்காரர் யாரையாவது வரச்சொல்லி, வாசலில் நுழைந்த நொடியில் என்ன வாடை வருகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆள் வருவதற்கு முன் சாம்பிராணி போடுவதையும் அலமாரி முழுக்க அந்துருண்டை வைப்பதையும் விட்டுவிடுங்கள். எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் அவை உண்டாக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் துளிகள் இருந்தால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி வேலை முடியும். முதல் வகை என்றால் மூலத்தைத் தேட வேண்டும். மேல்வீட்டுக்காரரிடம் பேசி அவர்கள் பாத்ரூம் தரையைச் சரி செய்வது சங்கடமான வேலைதான். ஆனால் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு உங்கள் சீலிங்கில் எவ்வளவு செலவு செய்தாலும் அது வீண்.

மூலத்தை அடைத்த பிறகும் காத்திருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் உள்வரை காய்வதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். இதற்கு நம் ஊர்க் காலண்டரே வழிகாட்டுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்க வருகிறவர்கள் குறைவு. பங்குனியில் ஒழுகலை அடைத்து, உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, சித்திரை வைகாசி வெயிலில் சுவரைக் காயவிட்டு, ஆடியில் பெயிண்ட் அடித்தால் ஆவணி முகூர்த்தங்களுக்கு வீடு தயார்.

பெயிண்டுக்கு முன் தரையைக் கவனியுங்கள். எண்பதுகளில் கட்டிய ஃப்ளாட்டுகளில் பெரும்பாலும் மொசைக் தரைதான். மங்கிப்போய், கறுத்து, ‘ஓல்டு ஃபேஷன்’ என்று சொல்லப்படுகிறது. பலர் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். தரை உயர்ந்து எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டி வரும். பாத்ரூம் வாசல் மட்டமும் கெடும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். மொசைக் என்பது சிமெண்டில் பதித்த மார்பிள் சில்லுகள். மங்கியிருப்பது மேலே உள்ள மெல்லிய படலம் மட்டும்தான். பாலிஷ் மெஷினில் முதலில் கரடான கார்போரண்டம் கல்லை மாட்டி, தண்ணீர் விட்டபடி தேய்ப்பார்கள். சின்னச் சின்னக் குழிகளில் அதே நிறச் சிமெண்ட் விழுதைத் தடவி, அது இறுகியதும் நைசான கல்லால் மறுபடி தேய்ப்பார்கள். கடைசியில் சதுர மீட்டருக்கு 33 கிராம் கணக்கில் ஆக்சாலிக் ஆசிட் பவுடர் தூவி ஈரத்தோடு தேய்க்க, சில்லுகளின் மேல் பளபளப்பு ஏறும். இரும்பு பீரோவின் கால் விட்ட துருக்கறையையும் அது கரைத்துவிடும். கறுப்பு, வெள்ளை, இளஞ்சிவப்புச் சில்லுகள் கழுவிவிட்டதுபோல வெளியே வரும்போது, இத்தனை வருடம் இதன் மேலா நடந்தோம் என்று வீட்டுக்காரரே நின்று பார்ப்பார்.

இரண்டு எச்சரிக்கைகள். தேய்க்கும்போது வரும் சேற்றைப் பாத்ரூமில் தள்ளக் கூடாது. அதில் சிமெண்ட் இருக்கிறது. முதலில் சொன்ன கிண்ணத்தில் படிந்து இறுகினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கெட்டில் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது, டாய்லெட் கழுவும் ஆசிட்டை மொசைக் மேல் ஊற்றாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் மார்பிள் நுரைத்துக் கரையும். கறை போகிறது என்று தோன்றும், உண்மையில் போவது தரை. போர் தண்ணீரால் குழாய்களில் படியும் வெள்ளை உப்புக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும்.

வெளிச்சத்துக்கு அதிகச் செலவில்லை. கொசுவலையைக் கழற்றிக் கழுவுங்கள். வருடக்கணக்கில் படிந்த தூசி அந்த நுண்கண்களை அடைத்து, வரும் வெளிச்சத்தில் நல்ல பங்கைத் தின்றிருக்கும். சீலிங் வெள்ளையாக இருக்கட்டும். நல்ல வெள்ளைப் பெயிண்ட் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பும். ஒரே அறையில் மஞ்சள் பல்பும் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டும் கலந்து எரிந்தால் சுவரின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் இன்னொரு பக்கம் நீலமாகவும் தெரியும். புதுப் பெயிண்டே கறை பிடித்ததுபோல் இருக்கும். முடிந்தவரை காலை பத்து மணிக்கு வரச்சொல்லி, எந்த விளக்கும் போடாமல் காட்டுங்கள். படம் எடுக்கும்போது செல்போனின் அகலக் கோணத்தைப் பயன்படுத்தாதீர்கள். படத்தில் மண்டபம்போலத் தெரிந்த ஹாலை நேரில் பார்க்கும்போது வரும் ஏமாற்றம், கடைசி அறைவரை அவர் முகத்தில் இருக்கும்.

பொருள்களைக் குறையுங்கள், தரை தெரிய வேண்டும், லாஃப்ட் காலியாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிடவும் வேண்டாம். காலி அறையில் கட்டில் போட இடம் போதுமா என்று கண்ணால் அளப்பது கடினம். ஒரு கட்டில் கிடந்தால் கேள்வியே எழாது. குடும்பப் படங்களையும் சாமி படங்களையும் எடுத்துவிடச் சொல்வது அமெரிக்க வழக்கம். நம்மிடத்தில் விளக்கேற்றிய பூஜை அலமாரி யாரையும் உறுத்துவதில்லை, இருக்கட்டும்.

கடைசியாக, சரி செய்ய முடியாத குறைகள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று அதே பிரிவு குறிப்பிடுகிறது. ஆகவே ஓதத்தைச் சரி செய்தபோது சுவரைக் கொத்திப் போட்டிருந்த நிலையிலேயே படம் எடுத்து, பிளம்பர், கொத்தனார் கொடுத்த பில்லோடு ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, பிரிக்கப்படாத மனைப்பங்கு எவ்வளவு என்ற விவரம் ஆகியவற்றின் நகல்களும் அதிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு அறையின் உள்ளளவையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் ‘கார்பெட் ஏரியா’வில் உட்சுவர்களைச் சேர்க்கிறது, வெளிச்சுவரையும் பால்கனியையும் சேர்ப்பதில்லை. பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லி, அனுமதி வரைபடத்தின் நகலைக் காட்டிவிடுங்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்; வாங்குபவருக்குக் கிடைக்கும் கடன் அவர் எழுதும் அறிக்கையைப் பொறுத்தது.