சத்தமில்லாத காருக்குள் ஒரு பெட்டி



எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு, பட்டணத்து உறவினர் ஒருவர் மின்சாரக் காரில் வந்திருந்தார். புகை இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். என் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், பேட்டரியில டார்ச் லைட்டுதானே எரியும்? இவ்வளவு பெரிய காரு எப்படி ஓடுது?"

நல்ல கேள்வி. பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பதில் இது.

பேட்டரியின் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவது. இத்தகைய கார்களின் மோட்டாருக்கோ, திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்று அதை மாற்றித் தருவது ஒரு பெட்டி. இன்வெர்ட்டர் என்பார்கள். அதிலுள்ள மின் சுவிட்சுகள் ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. கார் மேட்டிலிருந்து இறங்கும்போது சக்கரமே மோட்டாரைச் சுற்றுகிறது. அப்போது மோட்டார் சைக்கிள் டைனமோவைப் போல மின்சாரம் உண்டாக்க, அது இதே பெட்டி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது.

இந்தப் பெட்டிக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் ஆலன் கொக்கோனி என்ற அமெரிக்கப் பொறியியலாளர். 1987இல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை நடந்த சூரிய ஒளிக் கார்ப் பந்தயத்தில் வென்ற 'சன்ரேசர்' காரின் மின்னணு வேலையில் அவருக்குப் பங்குண்டு. 1990இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்கு வைத்த 'இம்பாக்ட்' மின்சாரக் காரின் இன்வெர்ட்டரை வடிவமைத்தவரும் அவரே.

1992இல் வாலி ரிப்பல், பால் கரோசா ஆகிய இருவருடன் சேர்ந்து, கலிபோர்னியாவில் 'ஏசி புரோபல்ஷன்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த ரிப்பல் சாதாரண ஆளல்ல. 1968இல் மாணவராக இருந்தபோதே, ஒரு வேனில் பேட்டரிகளை அடுக்கி, அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பந்தயம் விட்டவர்!

காரை ஓட்டும் அதே மின்னணுக் கருவிகளைக் கொண்டே பேட்டரிக்கு மின்னேற்றவும் செய்யலாம் என்பது கொக்கோனியின் அருமையான யோசனை. 1997இல் 'டிசீரோ' என்ற காரைச் செய்து காட்டினார்கள். 2003இல் அதன் கனமான ஈய பேட்டரிகளை எடுத்துவிட்டு, மடிக்கணினிகளில் உள்ளவை போன்ற சுமார் 6,800 சிறு லித்தியம் பேட்டரிகளைப் பொருத்தினார்கள். கார் இலேசானது, வேகமும் கூடியது.

ஆனால் அதை விற்பனைக்காகப் பெருமளவில் செய்ய அவர்கள் முன்வரவில்லை. அந்தக் காரைக் கண்டு வியந்த வேறு இருவர் 2003இல் டெஸ்லா நிறுவனத்தைத் தொடங்கினர். ஏசி புரோபல்ஷனின் நுட்பத்துக்கு உரிமம் பெற்றே டெஸ்லா தன் முதல் காரின் வேலையை ஆரம்பித்தது. அந்தக் கார் 2008இல் வெளிவந்தது. இன்று டெஸ்லாவை அறியாதவர் இல்லை. கொக்கோனியை அறிந்தவர் எத்தனை பேர்?

இதை எழுதும்போது எனக்கொரு குற்ற உணர்வு. பல ஆண்டுகளுக்கு முன், பள்ளி ரேடியோவைத் திருகு திருகாகப் பிரித்துப் போட்ட மாணவன் ஒருவனைப் பிரம்பால் அடித்தேன். "ஏன் பிரித்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் இன்று செம்பனைக் குலை அறுக்கிறான். அந்த உழைப்பில் இழிவில்லை. நம் சோறு அதில்தான் வந்தது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் எந்தக் கருவியையும் தொட்டதில்லை என்று அவன் தாயார் சொன்னபோது, நான் தலை குனிந்தேன்.

பெற்றோர்களே! பிள்ளை பழைய பொம்மையைப் பிரித்தால் கையை ஓங்காதீர்கள். வீட்டு மின்சாரத்தை மட்டும் தொட விடாதீர்கள். அது உயிரைக் குடிக்கும். டார்ச் பேட்டரியும் சின்ன மோட்டாரும் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். மூன்றாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்கல்லூரி, எஸ்.பி.எம். முடித்தால் போலிடெக்னிக் என்று வழிகள் இருக்கின்றன. பள்ளிக்கு வந்து கேளுங்கள்.

திருவிழாவில் கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு, என் வீட்டில் கிடந்த பழைய ரேடியோவைக் கொடுத்திருக்கிறேன். பிரித்துப் பார்க்கத்தான்!