கட்டடத்துக்கு முன் பிறந்த நூலகம்

1933இல் கே. எம். செல்லப்பா யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறுவருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை கிடைத்தது. அங்கே இருந்தவை 844 நூல்களும் சுமார் 30 பத்திரிகைகள், சஞ்சிகைகளும். யாழ் பொது நூலகம் தொடங்கியது இப்படித்தான்.

இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் பிறகு வந்தது. ஊர் மக்கள் பணம் சேர்த்தார்கள். லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொன்னார், சென்னையின் வி. எம். நரசிம்மன் வரைபடம் தந்தார். 1959 அக்டோபர் 11இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். 1967இல் சிறுவர் பகுதியும் சேர்ந்தது.

1981இல் அந்தக் கட்டடத்துக்கு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களை மறுபடி வாங்கலாம். அவற்றோடு எரிந்த, வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளை எந்தக் கடையில் வாங்குவது? 2000களின் தொடக்கத்தில் கட்டடம் மீண்டு எழுந்தது; சுவடிகள் மீளவில்லை.

மன்னார் மாவட்டத்து மாந்தை மேற்கின் பெரியமடு போன்ற ஊர்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, கட்டடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சனசமூக நிலையத்தில் ஒரு அலுமாரி, நாளிதழ், கடந்தகால வினாத்தாள்கள், ஒழுங்காக எழுதும் இரவல் பதிவேடு, மாலையில் கதவைத் திறக்க ஒருவர் இருந்தால் போதும். மின்வெட்டும் வீட்டு இரைச்சலும் இல்லாமல் படிக்க ஓரிடம் தேடும், சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய நூலகம்.

மற்றது, ஊரின் எழுத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து புத்தளம் போனவர்கள் கையில் கொண்டுபோக முடிந்தது கொஞ்சம்தான். போரில் மற்றக் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. பாடசாலை மலர், பள்ளிவாசல், கோவில் ஆவணங்கள், பழைய காணி உறுதி, குளத்து நீர்ப் பங்கீட்டுக் குறிப்பு ஆகியவை ஒரு வீட்டுப் பெட்டியில் மட்டும் இருந்தால், அந்த வீடு போகும்போது ஊரின் சாட்சியமும் போய்விடும்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் வைத்து வருகிறது. ஊர் நூலகமும் தன்னிடம் வரும் ஒவ்வொரு மலரையும் அப்படிப் பிரதியெடுத்து இன்னோர் இடத்தில் சேர்க்கலாம். பிரதேச சபை புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்கும்போது, ஒரு மின்வருடிக்கும் நூலகருக்கும் சேர்த்தே கேட்கட்டும்.