திரைக்குப் பின்னால் நடக்கும் வேலைகள்

இணையத்தில் பயணச் சீட்டு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பணம் கட்டியதும் 'பதிவு முடிந்தது' என்று திரையில் தெரிகிறது. ஆனால் மின்னஞ்சல் சில வேளைகளில் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்கிறது. ஏன் இந்த இடைவெளி?

தபால் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். விரைவு அஞ்சல் அனுப்பச் செல்கிறீர்கள். எழுத்தர் எடை பார்த்து, பணம் பெற்று, ரசீது தருகிறார். உடனே உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரே ஊருக்குப் புறப்பட்டுவிட்டால், உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களின் கதி என்ன? ஆகவே கடிதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கிறார். கொண்டு சேர்ப்பது வேறு ஆட்களின் வேலை.

இணையதளத்தை நடத்தும் கணிப்பொறியும் இப்படித்தான். உடனே செய்ய வேண்டியதைச் செய்து பதில் தருகிறது. மற்றவற்றை, 'இவருக்கு மின்னஞ்சல் அனுப்பு' என்பது போன்ற குறிப்புகளாக எழுதி வரிசையில் வைக்கிறது. வேறொரு நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்து முடிக்கிறது. இவையே பின்னணி வேலைகள். குறிப்புகளை வட்டில் எழுதி வைத்தால், மின்சாரம் நின்றாலும் அவை அழிவதில்லை.

இன்னொரு வகை வேலைகளும் உண்டு. அவை யாரும் கேட்டு நடப்பவை அல்ல. குறித்த நேரத்தில் நடப்பவை. இதற்கென ஒரு பழைய நிரல் இருக்கிறது. அதன் பெயர் 'கிரான்'. காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இந்த நிரல் இடம்பெற்றிருந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, தன் அட்டவணையைப் பார்ப்பதே இதன் தொழில். அட்டவணையில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்கள். '30 2 * * *' என்று எழுதினால், நாள்தோறும் அதிகாலை 2:30க்கு அந்த வேலை நடக்கும். நட்சத்திரக் குறிக்கு 'எதுவானாலும் சரி' என்று பொருள்.

எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? இங்கேதான் ஒரு சிக்கல்! அமெரிக்காவின் பெரும்பகுதியில், மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறன்று அதிகாலை 2 மணியானதும் கடிகாரத்தை 3க்குத் தள்ளி வைக்கிறார்கள். அன்று 2:30 என்ற நேரமே வராது! நவம்பரில் 2 மணியானதும் 1க்குத் திருப்பி வைக்கிறார்கள். அன்று 1:30 இருமுறை வரும். இதைக் கவனியாத நிரல், ஒரு வேலையை விட்டுவிடலாம். அல்லது இருமுறை செய்துவிடலாம்.

கரும்பலகையை இருமுறை துடைத்தால் தீங்கில்லை. ஒருவர் வங்கிக் கணக்கில் கட்டணத்தை இருமுறை பிடித்தால்? கடிகாரம் சரியாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. பணத்தைப் பிடித்து, 'முடிந்தது' என்று குறிப்பதற்குள் கணிப்பொறி நின்றுபோகலாம். மறுபடி இயங்கும்போது குறிப்பு வரிசையிலேயே இருக்கும். மீண்டும் பணம் பிடிக்கப்படும்!

இதற்கு வழி என்ன? காசோலைக்கு எண் இருப்பதுபோல் ஒவ்வொரு வேலைக்கும் தனி எண் கொடுக்கிறார்கள். தொடங்குமுன், இந்த எண் முன்பே முடிந்ததா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். பணம் பிடித்ததும் 'முடிந்தது' என்ற குறிப்பும் சேர்ந்தே பதிவாக வேண்டும். இல்லையேல் இரண்டுமே பதிவாகக் கூடாது. அப்போது எத்தனை முறை தொடங்கினாலும் ஒரே முறைதான் பணம் போகும்.

கடிகாரச் சிக்கலைத் தவிர்க்க, பல கணிப்பொறிகளில் முன்பின் நகர்த்தப்படாத உலகப் பொது நேரத்தை வைக்கிறார்கள். நம் இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அப்படிப்பட்ட கணிப்பொறியில், இந்திய நேரப்படி நாள்தோறும் காலை 6 மணிக்கு ஒரு வேலை நடக்க வேண்டும். அட்டவணையில் என்ன எழுதுவீர்கள்?

(விடை: 30 0 * * *)